டேஷ்போர்டுக்குப் பெயர் வந்த வழி

1

சுவீடனுக்கு வந்து எனக்கு இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. அதற்காக என் வீட்டுக்காரர் ஒரு கேக் வாங்கி வந்தார். மேலே என் பெயரை எழுதித் தரும்படி கடையில் கேட்டிருக்கிறார். கோமதி என்ற பெயரைக் கடைக்காரப் பெண் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'குமட்டி' என்று வருகிறது. ஒன்பது வயது மகள் மீராவுக்கு இதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை. அர்த்தம் சொன்னேன். அதன் பிறகு அவள் கேக்கைத் தொடவில்லை.

நாங்கள் இருக்கும் ஊரை நீங்கள் கோதன்பர்க் என்று படித்திருப்பீர்கள். இந்த ஊர்க்காரர்கள் அதை 'யோத்தெபோரி' என்கிறார்கள். வந்த புதிதில் இரண்டும் வேறு வேறு ஊர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஸ்டேஷனில் நின்று 'யோத்தெபோரி' என்று அறிவித்த மூன்று ரயில்களை, நம் ரயில் இல்லை என்று விட்டுவிட்டு, நான்காவதையும் விட்ட பிறகுதான் அழுதேன்.

பத்து வருடத்தில் இப்படி நிறைய இருக்கிறது. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. ஊரில் ஐந்து வருடம் என் கையில் இருந்த சொல். அதன் பொருள் தெரியாமலேயே அதைச் செய்து பிழைத்தேன். போன டிசம்பரில்தான் அது எனக்கு முழுசாகத் தெரிந்தது. தெரிந்த விதம் கொஞ்சம் அசிங்கமானது, பட்டுப்புடவையோடு சம்பந்தப்பட்டது. சொல்கிறேன்.

2

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு டேஷ்போர்டு செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். என் கணவர் சங்கருக்கும் அங்கேதான் வேலை. பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைப் பழுது பார்ப்பவர். அந்தக் கைவேலைக்காகத்தான் அவரை இங்கே கூப்பிட்டார்கள். நானும் வந்தேன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை என்பதால், நான் வேலை வாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள், மிகவும் நல்லவர், என் பழைய வேலை என்ன என்று கேட்டார். எனக்கு அப்போது சுவீடிஷில் எண்ணிக்கையும் வணக்கமும்தான் தெரியும். "டேஷ்போர்டு" என்றேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். நான் இன்னும் தெளிவாக, "போர்டு, போர்டு" என்று காற்றில் இரண்டு கையாலும் ஒரு நீளமான பொருளை வரைந்து காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. தட்டச்சு செய்துகொண்டார்.

அதன் பிறகு எனக்கு மேசை நாற்காலி செய்யும் இடங்களிலிருந்து மட்டுமே கடிதம் வந்தது. ஒரு தச்சுப் பட்டறைக்கு நேர்முகத் தேர்வுக்கே போய்விட்டேன். அந்த முதலாளி ஒரு இழைப்புளியை என் கையில் கொடுத்தார். நான் அதைத் தலைகீழாகப் பிடித்தேன். அவர் அதை மெதுவாக என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினார்.

விஷயம் என்னவென்றால் சுவீடிஷில் 'பூர்ட்' என்றால் மேசை. நான் போர்டு என்றது அந்த அம்மாளுக்குப் பூர்ட் என்று விழுந்திருக்கிறது. அலுவலகத்துப் பதிவில் நான் 'மேசைத் தொழிற்சாலை, ஐந்து ஆண்டு அனுபவம்' ஆகிவிட்டேன். திருத்தச் சொல்லி மூன்று முறை படிவம் கொடுத்தேன். மூன்றாவது படிவத்துக்குப் பதிலாக, மேசைத் துறையை விட்டு விலக விரும்பும் காரணத்தை எழுதச் சொல்லி நான்காவது படிவம் வந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மழலையர் பள்ளிச் சமையலறையில் சேர்ந்துவிட்டேன். இன்றுவரை அங்கேதான்.

போன அக்டோபரில் சனிக்கிழமை மொழி வகுப்பில் ஒரு பாடம். அவரவர் பழைய வேலையிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். நான் டேஷ்போர்டைக் கொண்டுபோனேன். மேசைக் கதையையும் சொன்னேன். ஆசிரியை பிர்கித்தா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "பொறு, அந்த அம்மாள் செய்தது முழுத் தப்பு இல்லையே" என்றார்.

அவர் நூலகத்திலிருந்து சொற்களின் மூலம் சொல்லும் அகராதி ஒன்றை எடுத்து வந்தார். எங்கள் வகுப்பே அதைச் சுற்றி நின்றது. ஆங்கிலத்திலும் போர்டு என்றால் ஒரு காலத்தில் மேசைதானாம். அதற்கும் முந்தைய பொருள் வெறும் பலகை. கப்பலின் பக்கப் பலகையும் போர்டுதான், அதனால்தான் கப்பலில் ஏறுவதற்கும் அந்தச் சொல். கப்போர்டு என்பது கோப்பை வைக்கும் பலகை. சரி, டேஷ்? பிர்கித்தா விரலை அகராதியில் ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். நிமிர்ந்து, தன் மேசையைப் படீரென்று ஓர் அறை அறைந்தார்.

"தஸ்கா!" என்றார்.

சுவீடிஷில் தஸ்கா என்றால் அறைவது. ஆங்கில டேஷுக்கும் முதல் பொருள் அடிப்பது, மோதுவது. அது இந்தப் பக்கத்து ஆட்கள் கப்பலில் கொண்டுபோய் இங்கிலாந்தில் விட்ட சொல்லாக இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்களாம். உறுதி இல்லை என்று பிர்கித்தா இரண்டு முறை சொன்னார். எங்களுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வகுப்பே மேசையை அறைந்துகொண்டிருந்தது.

ஆனால் எதை எது அறைகிறது? அதுதான் அழகு. காருக்கு முந்தைய குதிரை வண்டியில், ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி வைத்திருப்பார்களாம். குதிரைக் குளம்பு வாரி அடிக்கும் சேறும் கல்லும் ஆள் மேல் படாமல் அந்தப் பலகை மேல் அறையும். அறை வாங்கும் பலகை, டேஷ்போர்டு. குதிரை போய் எஞ்சின் வந்தது. பலகையை எடுக்கவில்லை. பலகை சும்மாதானே இருக்கிறது என்று அதில் ஒவ்வொரு முள்ளாக, ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார்கள். சேறு நின்றுபோனது, பெயர் நிற்கவில்லை.

நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். இதை உடனே சொல்ல வேண்டிய ஆள் ஒரே ஒருத்திதான்.

3

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வல்லம் வடகால் பக்கத்தில் எங்கள் இரண்டு பேர் ஊரும் அடுத்தடுத்து. கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். லைனில் எதிரெதிரே நின்றோம். அச்சிலிருந்து சூடாக வந்து இறங்கும் டேஷ்போர்டின் ஓரத்துப் பிசிரை அவள் கத்தியால் சீவுவாள். காற்று வரும் துளைகளுக்கு நான் மூடி மாட்டுவேன். அவள் கை போகும் வேகத்துக்கு நான் ஓடிப் பிடிக்க வேண்டும். கீறல் விழுந்த பீஸை விரலால் தடவியே சொல்லிவிடுவாள், வெளிச்சம் வேண்டாம். புதிதாக வந்தவர்களை சூப்பர்வைசர் அவள் பக்கத்தில்தான் நிறுத்துவார். அவள் பதவி மட்டும் ஆபரேட்டர், அதுவும் கான்ட்ராக்ட்.

டேஷ்போர்டு என்று ஏன் பெயர் என்பது எங்கள் லைனில் நெடுநாள் வழக்கு. கோடிட்ட இடத்தை டேஷ் என்கிறோமே, கார் கம்பெனிக்காரன் தன் பெயரை நிரப்பிக்கொள்ள விட்ட இடம் என்றாள் ஒருத்தி. எழுத முடியாத வசவுக்குப் பதில் பத்திரிகையில் டேஷ் போடுகிறார்களே, டிராபிக்கில் டிரைவர்கள் திட்டுவதெல்லாம் அதன் மேல்தான் விழுகிறது, அதனால் என்றாள் இன்னொருத்தி. எஸ்தர் கத்தியை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னாள்.

"வண்டி எங்கியாச்சும் போய் டேஷ் ஆச்சுனா, மண்டை போய் இடிக்கிற போர்டு. அதான் டேஷ்போர்டு. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு?"

அக்டோபரில் நான் போனில் முழுக்கதையையும் சொல்லி முடித்ததும், "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

"நீ மண்டைன்னு சொன்னடி. இது சேறு."

"இடி இடிதானே? குதிரையாவது சேறாவது. எவனோ உன்னை நல்லா ஏமாத்தி அனுப்பிகிறான்."

"அகராதியில போட்டிருக்குடி."

"அகராதி எழுதுனவன் குதிர வண்டில போனானா?" என்றவள், கப்போர்டு விஷயத்தைச் சொன்னதும் உண்மையிலேயே கவலைப்பட்டாள். "அப்போ அதுல கப்புதான் வெக்கணுமா? நான் பொடவை வெச்சிகினு கீறனே!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்புறம் அவள் குரல் இறங்கியது. பொங்கல் கழித்து அவள் நிற்கும் இடத்தில் ரோபோ கை வருகிறதாம். பிசிர் சீவும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கான்ட்ராக்டில் இருப்பவர்களை ஜனவரியோடு நிறுத்துகிறார்கள். பதினைந்து வருடம் நின்ற இடம். ஒரே ஒரு வழி இருக்கிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு டிரெய்னர் எடுக்கிறார்கள், நிரந்தர வேலை. எஸ்தர் இதற்கு முன் இரண்டு முறை அந்த நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இரண்டு முறையும் இவள் வாய் திறக்கவில்லை.

"இந்த வாட்டியும் அதத்தான் கேப்பாங்க. டிசம்பர்ல, தம்பி கல்யாணம் சனிக்கெழமை, இது திங்கக்கெழமை. நீ கல்யாணத்துக்கு வரேல்ல? வரும்போது எனக்கு நாலு வரி இங்கிலீசு எட்தாந்துரு."

அவளுக்காக நான் பத்து வரி எழுதி அனுப்பினேன். அவள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு இரண்டு மாதம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தாள்.

4

டிசம்பரில் மீராவும் நானும் மட்டும் ஊருக்குப் போனோம். சங்கருக்கு லீவு கிடைக்கவில்லை.

மீராவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தமிழில் கேட்டால் அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள். சண்டை இல்லை, வெறுப்பு இல்லை. ஆற்றில் போகும் படகு மாதிரி அவள் பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள், நான் கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். விமானத்தில் போகும்போது கேட்டாள், இந்தப் பயணத்தில் தான் எத்தனை பேரிடம் தமிழ் பேச வேண்டியிருக்கும் என்று. எல்லாரிடமும் என்றேன். ஜன்னல் மூடியை இழுத்துச் சாத்திவிட்டாள்.

எஸ்தர் எங்களை ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிறுத்தத்தில் வந்து பார்த்தாள். மீராவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னை இன்னா சொல்லி கூப்புடுவ?" என்றாள்.

மீரா என்னைப் பார்த்தாள்.

"பெரிம்மா சொல்லு" என்றேன்.

"பெரிம்மா" என்றாள் மீரா. அன்றைக்கு அவள் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

பஸ்ஸில் எஸ்தர் என் தோளில் சாய்ந்துகொண்டு, தன்னைப் பற்றிய பத்து வரியை ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வரி தப்பவில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. தன் பெயரும் தன் கணவர் பெயரும் தன் பொழுதுபோக்கும் ஒரே சொல்லாக வந்தன. முன் சீட்டுக்காரர் திரும்பி, "நல்லா சொல்றம்மா" என்றார். ஜன்னல் கண்ணாடியில் கன்டெய்னர் லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. நான்கு நாளாக மழை.

5

கல்யாணத்தன்று மழை விட்டு நல்ல வெயில். பெண் வீடு வாலாஜாபாத். சர்ச்சில் தாலி கட்டி முடித்து, மண்டபத்துக்கு ஊர்வலமாகப் போக சாரட்டு வண்டி பேசியிருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பாய் ஒருவர் கொண்டுவந்திருந்தார். வெள்ளி வண்ணம் அடித்த வண்டி, முன்புறம் விளக்குகள் கோத்த பெரிய இதயம், ஒரே ஒரு குதிரை. குதிரையின் பெயர் பிஸ்கட்.

எஸ்தரின் தம்பி டேனியலும் பெண்ணும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்னால் பாய் பக்கத்தில் இடம் இருந்தது. மீரா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறிக்கங்கம்மா, மூணு பேரும் ஏறிக்கங்க" என்றார் பாய். "பிஸ்கட்டு ரொம்ப சாது. பட்டாசுதான் கொஞ்சம் ஆவாது."

நான் அரக்குப் பட்டு. எஸ்தர், தம்பி எடுத்துக்கொடுத்த இளநீலப் பட்டு. நடுவில் மீரா, பச்சைப் பட்டுப் பாவாடை. மேளம் முன்னால் போக, பிஸ்கட் தலையை ஆட்டிக்கொண்டு மாப்பிள்ளையை விட அமைதியாக நடந்தது. எஸ்தர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள். அவளை நான் அவ்வளவு மிடுக்காகப் பார்த்ததே இல்லை.

மண்டபத்துக்கு நூறடி இருக்கும்போது டேனியலின் கூட்டாளிகள், மறைமலை நகரில் அவனோடு வேலை பார்க்கும் பையன்கள், பத்தாயிரம் வாலாச் சரத்தைக் கொளுத்தினார்கள்.

பிஸ்கட் முதலில் நின்றது. இரண்டு காதையும் பின்னால் மடித்தது. பிறகு ஓடியது. மேளக்காரர்கள் இருபுறமும் பிரிந்தார்கள். பாய் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு "பிஸ்கட்டு, டேய் பிஸ்கட்டு!" என்று கெஞ்சினார். மண்டபத்து வாசலுக்கு முன்னால், சாலை வேலைக்காகத் தோண்டி மூடிய இடத்தில், நான்கு நாள் மழை ஒரு குளமாகத் தேங்கியிருந்தது. பிஸ்கட் அதற்குள் இறங்கியது.

முதல் குளம்பில் என் முகம். இரண்டாவதில் எஸ்தர். அதற்குப் பிறகு யாருக்கு எது என்று சொல்ல முடியவில்லை. சேறு தனித்தனி உருண்டையாகவும், மொத்தமாகத் தகடு தகடாகவும் வந்து அறைந்தது. கண்ணை மூடினேன், வாயை மூட மறந்துவிட்டேன். வண்டி குளத்தைக் கடந்து மண்டபத்து வளைவுக்குள் போய் நின்றது. பிஸ்கட் ஒன்றும் நடக்காதது போல் தோரணத்து வாழை இலையைத் தின்ன ஆரம்பித்தது.

பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் பூ மாலை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் மண்ணால் செய்த பொம்மைகளாக இருந்தோம். நான் எஸ்தரின் புடவையைப் பார்த்தேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

எஸ்தர் வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். தன் முழங்காலுக்கு முன்னால் கையை நீட்டித் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை. இதயம் மாட்டிய இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது, சட்டத்தின் வழியாகப் பிஸ்கட்டின் வால் தெரிந்தது.

"பாய்" என்றாள் மெதுவாக. "இந்த எடத்துல ஒரு பலகை இருக்கணுமே?"

"இருந்துச்சும்மா" என்றார் பாய், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "மொத்த சேறும் அதுலதான் அடிக்கும். இந்த லைட்டு ஹார்ட்டு மாட்டறதுக்கு எடம் பத்தலன்னு போன வாரம்தான் கழட்னேன்."

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சேற்றுக்கு நடுவில் இரண்டு கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"கோமதி! டேஷ்போர்டு இல்லாத வண்டிடி இது!"

அவ்வளவுதான். நான் வண்டியிலிருந்து சரிந்தே விட்டேன். எஸ்தர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பின்னால் கல்யாணப் பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார். மீராவை அப்போதுதான் கவனித்தேன். தலைமுதல் கால்வரை சேறு, நடுவில் பல்வரிசை. அவள் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, இன்னொரு தடவை போகலாம் என்று சுவீடிஷில் கத்தினாள்.

"இன்னாடி சொல்லுது கொயந்த?" என்றாள் எஸ்தர்.

சொன்னேன். "பாய், வண்டிய திருப்பு" என்றாள். நல்லவேளை, மாப்பிள்ளை இறங்கி வந்து தடுத்துவிட்டான்.

கல்யாண ஆல்பத்தில் குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் பட்டில் இருக்க, ஓரத்தில் மூன்று பேர் மண்டபத்துச் சமையல்கார அம்மாவின் நைட்டிகளில் இருப்போம்.

6

ஞாயிற்றுக்கிழமை எஸ்தருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சிரித்ததும் கத்தியதும்தான் காரணம். பத்து வரியைச் சொல்லச் சொன்னேன். காற்றுதான் வந்தது. "போவட்டும்" என்று சைகை காட்டினாள். ஆனால் சுண்டு விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் அவள் சம்பாத்தியத்தை நம்பி இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கணவருக்கு முதுகுத் தண்டில் அடிபட்டு மூன்று வருடமாக வேலைக்குப் போக முடியவில்லை. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நானும் அன்று கேட்கவில்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு வெந்நீர் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் கம்பெனி கேட்டுக்குள் போனாள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நானும் மீராவும் உட்கார்ந்தோம். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. போன இரண்டு முறையும் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். அதனால் நேரம் போகப் போக எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. மீராவுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டிருந்தாள், சுவீடிஷில்.

பதினொன்றரைக்கு எஸ்தர் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு கன்டெய்னருக்கு இடையில் சாலையைக் கடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் கேட்காமலே டீயை நீட்டினார். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"இன்னா ஆச்சுடி?"

"மொதல்ல அதத்தான் கேட்டாங்க, இங்கிலீசுல" என்றாள் கட்டிய தொண்டையோடு. "ரெண்டு வரி வந்துச்சு. அப்பறம் காத்து. மேனேஜர் தண்ணி குடுத்தாரு. எச்.ஆர். மேடம் பேனாவ மூடிட்டாங்க. அவ்ளோதான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"செவுத்துல டிவி ஒண்ணு மாட்டி வெச்சிகிறாங்கடி. இன்னிக்கி எத்தினி பீஸு, எத்தினி ரிஜெக்ட்டு, பச்சையும் செவப்புமா ஓடிகினே இருக்கும். அதுக்கும் பேரு டேஷ்போர்டாம். மேனேஜர் அதப் பாத்துகினே, ஏதாச்சும் கேக்கணுமாம்மான்னாரு, போறதுக்கு முன்னாடி மரியாதைக்குக் கேப்பாங்கல்ல. நான் கேட்டேன். சார், நாம பண்றதும் டேஷ்போர்டு, இந்த டிவியும் டேஷ்போர்டு, ரெண்டுத்துக்கும் ஏன் சார் அந்தப் பேருன்னு."

"தமிழ்லயா?"

"பின்ன? எனுக்கு வேற இன்னா வரும்? அவரு மேடத்தப் பாத்தாரு. மேடம் அவரப் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் தெரியலடி! அவரு திருநெல்வேலிக்காரரு. 'எனக்குத் தெரியல, நீங்களே சொல்லுங்க பாப்போம்'ன்னாரு. சொன்னேன். குதிரைலேருந்து ஆரம்பிச்சேன். பலகையச் சொன்னேன். எஞ்சின் வந்ததச் சொன்னேன், முள்ளு மாட்னதச் சொன்னேன். அப்பறம் சனிக்கெழம நடந்ததயும் சொன்னேன்."

"பிஸ்கட்டையுமா?"

"பிஸ்கட்டையும். மேடம் மேஜைல தலைய வெச்சிகினு சிரிக்கிறாங்க. மேனேஜர் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாரு. சிரிச்சு முடிச்சிட்டு, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு பிசிரு எடுக்கறத எப்படிச் சொல்லித் தருவீங்கன்னாரு. கதை சொன்ன அதே வாயில அதயும் சொன்னேன். எங்க கத்தி வழுக்கும், சூடு ஆறறதுக்கு முன்னாடி எங்க தொடக் கூடாது, கீறல விரல்ல எப்படிப் பாக்கணும்னு. எந்திரிச்சி வந்து கையால காட்டச் சொன்னாரு. மேஜை விளிம்புலயே காட்னேன். ஒரு மணி நேரம்டி. நான் பாட்டுக்குப் பேசிகினே இருந்தேன்."

அவள் கிளாஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். டீயைப் பார்த்தாள்.

"கடைசியா ஃபைலப் பாத்துட்டு ஒண்ணு கேட்டாரு. பதினஞ்சு வருசமா ஏன் ஒரே எடத்துல நின்னுகினு இருந்தீங்கன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் நிக்கல சார், யாரும் கூப்புடலன்னேன்."

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஒரு லாரி போனது. எஸ்தர் மடியிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவள் பெயர், அதன் கீழே டிரெய்னர், அதன் கீழே பிப்ரவரி முதல் தேதி.

"அதான் எழுதிகிறாங்களா?" என்றாள். "மேடம் சொன்னாங்க. ஆனா நீ படிச்சிச் சொல்லு."

படித்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாவது முறை நானாகவே கத்திப் படித்தேன். கடையில் இருந்த ஷிப்ட் முடித்த பையன்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எஸ்தருக்கு அப்போதுதான் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. கிளாஸிலிருந்த டீ தளும்பிப் புடவையில் சிந்தியது.

"புடிடி, இத புடி, எனுக்கு கை நிக்கல" என்று கிளாஸை என்னிடம் தள்ளினாள். வாங்கினேன். வாங்கிய வேகத்தில் பாதி டீயை என் மேலேயே கொட்டிக்கொண்டேன்.

மீரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளாஸை என்னிடமிருந்து வாங்கி, மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைக்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணா, இன்னும் மூணு போடுங்க" என்றாள். "பெரிம்மாவுக்கு வேலை கெடச்சிகீது."